ஐந்தாவது திருகாணி

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். சாதாரண தரம் வரைதான் படித்தேன். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் பேனாவை மூடிவிடுகிறவள். இத்தனை வருடமாக நான் எழுதியதெல்லாம் கலியாண இறுவட்டுகளின் உறையில் மணமகன் பெயர், மணமகள் பெயர், ஊர், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் கதைக்கவும் எனக்கு வராது. ஆனால் என் சாச்சாவைப் பற்றி, அதாவது என்னைப் பெற்ற வாப்பாவின் தம்பியைப் பற்றி, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அந்தப் பகல் பொழுதில் அந்த அறையில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் இப்போது இல்லை. நானும் சொல்லாவிட்டால் அது இல்லாமலே போய்விடும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு கசட் இருக்கிறது. கறுப்பு ஒலிநாடாக் கசட். மேலே ஒட்டிய தாள் பழுத்து, சாச்சாவின் மனைவியான என் சாச்சியின் கையெழுத்து தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாக அதில் ஐந்து சின்னத் திருகாணிகள். நான்கு வெள்ளை. இடது பக்கக் கீழ் மூலையில் இருப்பது மட்டும் மஞ்சள், பித்தளை. பார்க்கிறவர்கள் அது கசட்டோடு வந்ததல்ல என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

நான் செய்கிற வேலையைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்கள் பக்கத்தில் கலியாண வீடென்றால் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்தை ஒரு பெண்தான் படம் பிடிக்க வேண்டும். அதை வெட்டி ஒட்டுவதும் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டாரும் தர மாட்டார்கள். கண்டக்குழி வீதியில் எங்கள் வீட்டு முன்னறையை அடைத்து, ஒரு பழைய கம்பியூட்டரை வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கினேன். நேரில் ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கப்படுகிற நான், கற்பிட்டியிலிருந்து வண்ணாத்திவில்லு வரைக்கும் மணப்பெண்கள் அழுததையும் சிரித்ததையும் ஒருவருக்கும் தெரியாமல் அருகிலிருந்து பார்த்தவள்.

அந்தப் படங்களுக்குப் பாட்டு வேண்டும். முன்பு எந்தப் பாட்டும் போடலாம். பிறகு காலம் மாறியது. இசைக்கருவி கூடாது, குரல் மட்டும் இருக்கலாம் என்ற வீடுகள் கூடின. எது சரி எது பிழை என்று சொல்கிற அளவுக்கு எனக்கு மார்க்க அறிவு இல்லை. கேட்கிறவர்களுக்குக் கேட்டபடி செய்து கொடுப்பேன். ஆரம்பத்தில் அப்படிப் பாட்டுகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த மென்பொருள் கையில் கிடைத்தது. ஒரு பாட்டை அதற்குள் போட்டால் குரலை ஒரு பக்கமும் மற்றச் சத்தங்களை ஒரு பக்கமுமாகப் பிரித்துத் தரும். நல்ல கைக்காரி ஒருத்தி சூடைமீனில் முள்ளை உருவி எடுப்பது போல இருந்தது முதல் தடவை கேட்டபோது. ஆனால் எல்லா மீனும் அப்படி வராது. பழைய பாட்டென்றால் முள்ளோடு சதையும் கொஞ்சம் போகும், சதையோடு முள்ளும் கொஞ்சம் வரும்.

சாச்சா படகு இயந்திரம் திருத்துகிறவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது எல்லோரையும் போல அவரும் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார். மன்னாரில் அவரிடம் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. சாச்சி பாட, அவர் வாசிப்பார். வீட்டுக்குள்ளே, குடும்பத்துக்குள்ளே மட்டும். வள்ளத்தில் பெட்டிக்கு இடமில்லை. சாச்சி தன் உடுப்பு மூட்டைக்குள் அவர்கள் இருவரும் பாடி வாசித்துப் பதிந்த இந்தக் கசட்டை மட்டும் வைத்துக் கட்டினார். அகதி முகாமுக்கு வந்த பிறகு யாரோ ஒருவர், வேறொரு பெட்டி வாங்கித் தருகிறேன், வாசி என்று சொன்னபோது சாச்சா சொன்னது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி போலவே ஆகிவிட்டது: "பெட்டி அங்க, விரல் இங்க."

சாச்சி மௌத்தாகிக் கண்ணை மூடியபோது அவர்களுடைய ஒரே மகளுக்கு மூன்று வயது. சாச்சா மறுபடி கலியாணம் செய்யவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டில்களுக்கு நடுவே நடப்பார். பிள்ளை தூங்கும் வரைக்கும் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் ஏதோ ராகம் இழுப்பார். "இந்த மனிசனுக்கு என்ஜின் சத்தம்தான் தாலாட்டு" என்று முகாமில் பெண்கள் சிரிப்பார்கள். மற்றபடி அதிகம் கதைக்க மாட்டார். யாராவது படகுக்காரர் இயந்திரத்தின் குறையை நீட்டி முழக்கினால், "நீ கதைக்காத, என்ஜின் கதைக்கட்டும்" என்று திருகாணிச் சாவியின் நுனியை இயந்திரத்திலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு டொல்பின் காட்டப் போகிற படகுக்காரர்களைக் கண்டால் மட்டும் வாய் திறக்கும். "என்ஜினுக்கு எண்ணெய மாத்தி எவ்வளவு நாளாகுது? நடுக்கடல்ல நிண்டுரும். அவங்க டொல்பினப் பாக்க வரல்ல, டொல்பினோட நீந்தத்தான் வந்தவங்க போல" என்பார்.

அந்தப் பிள்ளைக்கு, என் தங்கச்சிக்கு, கலியாணம் பேசியது மின்வெட்டுக் காலத்தில். மாப்பிள்ளை வீட்டார் வண்ணாத்திவில்லுப் பக்கம். நல்ல சனம். இசைக்கருவி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காத சனம். மாப்பிள்ளையின் பெரியும்மா அதற்கு முந்திய வருடம் வேறொரு கலியாணத்தில், ஒலிபெருக்கியில் வாத்தியச் சத்தம் கேட்ட உடனே சஹனில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தவர். சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒருவர் எழுந்தால் அந்தச் சஹன் முழுவதும் எழும்பும். அன்று அவரோடு பந்தலில் பாதி எழும்பியது. நான்தான் அந்தப் படத்தையும் வெட்டினேன். மணப்பெண்ணின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தங்கச்சி இந்தக் கசட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். மணப்பெண்ணை அறையிலிருந்து பந்தலுக்கு அழைத்து வரும்போது உம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருவது முறை. அவளுக்கு உம்மா இல்லை.

"ராத்தா, நான் வரக்குள்ள உம்மாட குரலப் போடணும். உம்மாட குரல் மட்டும். பெட்டிச் சத்தம் ஒரு சொட்டும் இரிக்கப்படாது. பெரியும்மாவத் தெரியுந்தானே."

"சாச்சாக்குத் தெரியுமா?"

"அலுமாரிலேர்ந்து சொல்லாமத்தான் எடுத்தன். சொன்னா ஒண்டும் கதைக்க மாட்டார். அவர் கதைக்காம இரிக்கிறதத்தான் என்னால தாங்கேலாது."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கசட் என் கையில் இருந்தது. அதுதான் என் குணம். மூன்று நாள் அதைத் தொடவே இல்லை. ஒரு மனிதரின் மனைவியின் குரலிலிருந்து அந்த மனிதரை, அவருக்கே தெரியாமல், உருவி எடுப்பது போல இருந்தது. கடைசியில் கலியாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் கசட் போடுகிற மெசினைக் கம்பியூட்டரோடு பொருத்தினேன். அன்று இரண்டு மணிக்குக் கரண்ட் போகும், ஏழு மணிக்குத்தான் வரும் என்று அறிவித்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் வந்து பாட்டை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

முதல் தடவை ஓட்டியபோது பாட்டு முழுவதும் கம்பியூட்டருக்குள் ஏறிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதே, இன்னொரு தடவை பதிந்தால் தெளிவாக வருமே என்று ஆசைப்பட்டேன். இரண்டாம் தடவை பாதியில் சாச்சியின் குரல் இழுத்தது, தடித்தது, நின்றது. மெசினைத் திறந்து பார்த்தால் நாடா ரப்பர் உருளையில் சுற்றி உள்ளே போய் இறுகியிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும். சாச்சி பாடிய வேறு பதிவு உலகத்தில் இல்லை. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சிக்கலைக் கையால் எடுக்கக்கூடிய ஆளும் ஒரேயொருவர்தான். யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்.

கால் மணித்தியாலம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு சாச்சாவுக்கு எடுத்தேன்.

"சாச்சா, கசட் மெசின் ஒண்டு இறுகிப் போச்சு."

"கசட்டா? இந்தக் காலத்தில ஆரு புள்ள கசட் கேக்கிற? பேயா?"

"கொஞ்சம் அவசரம் சாச்சா."

கலியாண வீட்டு வேலையெல்லாம் போட்டுவிட்டுச் சைக்கிளில் வந்தார். பையைக் கீழே வைத்தார். மெசினைத் தன் பக்கம் திருப்பினார். மூடியின் கண்ணாடி வழியாகக் கையெழுத்தைக் கண்டிருக்க வேண்டும். விரல் அந்த இடத்தில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. மெசினின் மேல் மூடியைக் கழற்றினார். உருளையைப் பின்பக்கமாக, ஒரு நெல்மணி அளவு, இன்னொரு நெல்மணி அளவு என்று திருப்பினார். மாதம் முழுவதும் கிரீசில் கிடக்கிற அந்தத் தடித்த விரல்கள் நாடாவில் படவே இல்லை. ஈர்க்குத் துண்டு ஒன்றால் தள்ளித் தள்ளி எடுத்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. பிறகு கசட்டைத் திறந்து நாடாவை உள்ளே ஒழுங்காகச் சுற்றினார். மூடும்போது ஒரு வெள்ளைத் திருகாணி கைதவறி உருண்டது. இரண்டு பேரும் முழங்காலில் இருந்து தேடினோம். கிடைக்கவில்லை. பையிலிருந்த தகரப் பேணியைக் கிளறி, ஏதோ பழைய ரேடியோவின் பித்தளைத் திருகாணி ஒன்றை எடுத்துப் பூட்டினார்.

"வெள்ள ஒண்டு கிடைச்சா மாத்தித் தாறன்" என்றார். பிறகு, "ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கிப் போச்சு. அந்த இடம் இனிப் பழைய மாதிரிக் கேக்காது" என்றார். அவ்வளவு நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "என்னத்துக்கு இது?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தங்கச்சி கேட்டதையும், பெரியும்மா எழும்பியதையும், குரலைப் பிரிக்கிற மென்பொருளையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். சாச்சா கேட்டுக்கொண்டே திருகாணிச் சாவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப என்னைய எடுத்துப் போட்டுட்டு, அவள மட்டும் வைக்கப் போறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இயந்திரத்தில் என்ன பிழை என்று படகுக்காரருக்குச் சொல்வது போலச் சொன்னார். கசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வாசல் வரை போனார். நான் பேசாமல் இருந்திருந்தால் போயிருப்பார். பாட்டு கம்பியூட்டருக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் போன பிறகு நான் வேலையை முடித்துக் கொடுத்திருக்கலாம். தங்கச்சிக்கும் சந்தோஷம், எனக்கும் ஒருவருக்கும் முகம் கொடுக்க வேண்டியதில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்து தப்பிய இடங்கள் பல. அன்று ஏனோ வாய் திறந்தது.

"சாச்சா, பாட்டு ஏற்கெனவே ஏறிட்டுது. சுருங்க முந்தி. முழுசா இதுக்குள்ள இரிக்கி. நீங்க வேணாமெண்டா இப்ப உங்கட கண்ணுக்கு முன்னால அழிச்சுப் போடுவன்."

நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீதியில் ஒரு லொறி போய் முடிந்தது. திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"செய். பாப்பம்."

கடிகாரத்தில் ஒரு மணி தாண்டிவிட்டது. என் கம்பியூட்டர் ஒரு பாட்டைப் பிரிக்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் செய்த பாதியும் போய்விடும். திரையில் கோடு நீளத் தொடங்கியது. சாச்சா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் தொழுகைப் பாய் கேட்டு வாங்கி, அதே அறை மூலையில் லுஹர் தொழுதார். கம்பியூட்டருக்குள் காற்றாடி இரைந்தது. அவர் ஸலாம் கொடுத்து எழும்பியபோது கோட்டில் இன்னும் கால்வாசி மிச்சம். "இது சூடாகுதே புள்ள, மூடியக் கழட்டி விடு" என்றார். கழற்றி, கைவிசிறியால் நானே விசிறினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

முடிந்தபோது இரண்டுக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது. குரல் பக்கத்தைப் போட்டேன்.

சாச்சி வந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஒரு திரையும் இல்லாமல். அவர் மூச்சு எடுப்பது கேட்டது. ஒரு சொல்லின் முடிவில் உதடு ஒட்டுவது கேட்டது. பெட்டியின் சத்தம் அடியோடு போயிருந்தது. ஆனால் அவருடைய குரலுக்குக் கீழே, பாயின் கீழே மணல் இருப்பது போல, தாழ்ந்த சத்தம் ஒன்று தொடர்ந்து வந்தது. குரல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரியாகப் பிரியவில்லை.

"பெட்டிட மிச்சம் சாச்சா. பழைய பாட்டெண்டா இப்பிடித்தான். இத அஞ்சு நிமிசத்தில துடைச்சு எடுத்துருவன்" என்று கையை மவுஸின் மேல் கொண்டுபோனேன்.

"எடு கைய."

அந்தக் குரலில் அவர் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. கையை எடுத்தேன். தொடக்கத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இயந்திரத்தைக் கேட்பது போல. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது பெட்டியில்ல. நான்."

வாசிக்கும்போது அவர் வாயை மூடிக்கொண்டு கூடவே ராகம் இழுப்பாராம். தனக்கே தெரியாமல். சாச்சிக்கு அதைக் கேட்டால் பாட வராதாம், சிரிப்பு வருமாம். "உங்கட ஊமப் பாட்ட நிப்பாட்டுங்க, நான் படிக்கேலாம இரிக்கி" என்று தொடையில் தட்டுவாராம். பெட்டிச் சத்தம் மேலே இருந்ததால் கசட்டில் அது ஒருவருக்கும் கேட்டதில்லை. அவருக்கே மறந்துபோயிருந்தது. மென்பொருளுக்கு அவரையும் சாச்சியையும் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் மனிதக் குரல். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டது.

மற்றப் பக்கத்தையும், பெட்டி மட்டும் இருக்கிற பக்கத்தை, போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எழுந்து பையை எடுத்தார்.

"நாளைக்கு அந்தப் பெரியும்மாக்கு இது வாத்தியமாக் கேட்டாலும் கேக்கும். எழும்பிருவா. புள்ளட முகத்தில அந்த நேரம் முழிக்கேலாது. துடைச்சு எடுத்துப் போடு." கசட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "நான் கேட்டுட்டன். அது போதும்."

சைக்கிள் மணலில் போகிற சத்தம் கேட்டது. இரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அந்த மெல்லிய சத்தத்தைத் தேர்ந்தெடுத்துத் துடைக்க ஐந்து நிமிடம் போதும். கேட்டவள் தங்கச்சி, எடுக்கச் சொன்னவர் சாச்சா, எழும்பினால் எழும்புவது ஒரு பந்தல். எனக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. பெரியும்மா சஹனிலிருந்து கையை எடுக்கிற அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. நான் ஒன்றையும் துடைக்கவில்லை. அந்தச் சத்தத்தோடேயே பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி, கழற்றி, உறைக்குள் போட்டேன். கரண்ட் போய்க் கம்பியூட்டர் திரை அணைந்தது. நேரம் போதவில்லை என்று பிறகு சாச்சாவிடம் சொன்னேன். பொய். நேரம் இருந்தது.

அதற்கு அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்து சாச்சா மௌத்தானார். தங்கச்சி வீட்டில் கசட் போட மெசின் இல்லை, என்னிடம் இருக்கட்டும் என்று தந்துவிட்டாள். இப்போது வந்திருக்கிற மென்பொருள் முன்னையதை விடக் கெட்டிக்காரத்தனமானது. ஆண் குரல் வேறு, பெண் குரல் வேறு என்றுகூடப் பிரித்துத் தருகிறது. இரண்டு பேர் பாடிய பாட்டுகளைக் கொண்டு வந்து ஒருவரை எடுத்துத் தரச் சொல்கிறார்கள், செய்து கொடுக்கிறேன். இந்தப் பாட்டை மட்டும் அதற்குள் போடவில்லை. சென்ற மாதம் அறையைக் கூட்டும்போது அலுமாரிக் காலடியில் அந்த வெள்ளைத் திருகாணி கிடைத்தது. இழுப்பறைக்குள் கசட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாற்றவில்லை. மஞ்சள் அங்கேயே இருக்கிறது.

கலியாணத்தன்று காலை பத்தரை மணிக்குப் பாட்டைப் போட்டார்கள். மூன்றரை நிமிடம் ஓடியது. நடுவில் மாப்பிள்ளையின் பெரியும்மா தலையை நிமிர்த்தி, "கீழால இழுக்கிறது ஆருட சத்தம்?" என்று கேட்டார். தங்கச்சி நடந்துகொண்டே, "எங்கட வாப்பா" என்றாள். நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த ராகத்தைக் கேட்டுத் தோளில் தூங்கிய பிள்ளை அவள். யாரும் எழும்பவில்லை. சாச்சா ஆண்கள் பக்கத்தில் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.